நீர்வண்ணத்துக்கு எந்தத் தாள்? வேலூரில் வரைபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வரைவோம். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன பெயிண்ட் சார் இது?" என்று கேட்பார்கள். "பிரஷ் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். பேப்பரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று படம் போட்டுப் பார்த்து, சரியாக வராமல் அடுத்த வாரம் திரும்பி வரும்போதுதான் அந்தக் கேள்விகள் வரும். அடிக்கடி வந்தவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பெயிண்ட், பிரஷ், பேப்பர்: முதலில் எதில் காசு போடுவது?

பேப்பரில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண வண்ணக் கட்டியை நல்ல தாளில் பூசிப் பாருங்கள், ஓரளவு நன்றாகவே வரும். விலை உயர்ந்த டியூப் வண்ணத்தை மட்டமான தாளில் பூசினால் சேறு பூசியது போலத்தான் இருக்கும். நீர்வண்ணம் என்பது பாதிக்கு மேல் தண்ணீரோடு செய்யும் வேலை. அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் மேலே நிற்கும், எங்கே ஓடும், எப்படிக் காயும் என்பதையெல்லாம் தாள்தான் முடிவு செய்கிறது. "எனக்குக் கை வரல சார்" என்று சொல்லி விட்டுவிட்டவர்களில் பலருக்குக் கை நன்றாகவே இருந்தது, தாள்தான் சரியில்லை.

சார்ட் பேப்பரிலும் டிராயிங் ஷீட்டிலும் ஏன் சரியாக வருவதில்லை?

குடியாத்தத்தில் நெசவுக்குப் பாவு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற மாட்டார்கள். தாளுக்கும் அப்படி ஒரு கஞ்சி உண்டு. அதற்குச் சைசிங் என்று பெயர். ஆங்கிலத்தில் நூலுக்குப் போடும் கஞ்சிக்கும் இதே பெயர்தான். காகித நார் இயல்பாகவே தண்ணீரை உறிஞ்சும். கஞ்சி போடாத தாள் மை ஒற்றும் தாளைப் போன்றது, வண்ணம் பட்ட இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். சைசிங் அந்த உறிஞ்சலைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில்தான் நாம் வண்ணத்தைப் பரப்புவதும் கலப்பதும் துடைத்து எடுப்பதும் நடக்கின்றன.

நீர்வண்ணத் தாளுக்கு இந்தக் கஞ்சி பெரும்பாலும் இரண்டு முறை சேரும். கூழில் ஒரு முறை, தாள் உருவான பிறகு மேற்பரப்பில் ஒரு முறை. சார்ட் பேப்பர் ஸ்கெட்ச் பேனாவுக்காகச் செய்யப்பட்டது. இரண்டாவது முறை ஈரப் பிரஷை ஓட்டினால் பஞ்சு போல உரிந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரஷோடு வரும். அது தாளின் குற்றம் இல்லை, அதற்கு அந்த வேலை கொடுத்தது நம் குற்றம்.

அந்தக் கஞ்சி எதில் செய்கிறார்கள்? நாங்கள் சைவம்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் மூன்று பேராவது கேட்டுவிட்டார்கள். பழைய முறைத் தாள்களில் மேற்பரப்புக்குப் பூசுவது ஜெலட்டின். தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிரான்சின் ஆர்ஷ், இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு இரண்டும் ஜெலட்டின் தாள்கள். வேண்டாம் என்பவர்களுக்கு இத்தாலியின் ஃபாப்ரியானோ ஆர்டிஸ்டிகோ இருக்கிறது. விலங்குப் பொருள் சேர்க்காமல் செய்வது, தரத்திலும் குறைவில்லை.

300 ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அது உண்மையா என்று எப்படித் தெரியும்?

மளிகைக் கடைத் தராசு போதும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சுமார் 18.7 கிராம், பத்துத் தாள் 187 கிராம். நான் ஒரு முறை ஒரு கடையில் வாங்கிய கட்டு, கையில் எடுத்தபோதே இலேசாகத் தெரிந்தது. பத்துத் தாளை நிறுத்துப் பார்த்தேன். 130 கிராம்கூட இல்லை! 200 ஜிஎஸ்எம் தாளை 300 என்று ஒட்டி விற்றிருக்கிறார்கள். அப்புறம் தாள் வாங்கினால் தெருமுனை மளிகைக் கடையில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவது. கடைக்காரருக்கு இப்போது பழகிவிட்டது.

எத்தனை ஜிஎஸ்எம் வேண்டும்? 300 வாங்குங்கள். 200இல் வரைவதென்றால் தாளைப் பலகையில் இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். 640 பலகை மாதிரி கனமாக இருக்கும், நெளியவே நெளியாது. ஆனால் விலையைக் கேட்டால் பிரஷ் நடுங்கும்.

பருத்தித் தாளா, மரக்கூழ்த் தாளா?

எடையைவிட முக்கியமான கேள்வி இது. அதிலும் நம் ஊருக்கு.

மரக்கூழ்த் தாளில் நார் குட்டையானது. வண்ணம் பெரும்பாலும் மேலேயே உட்கார்ந்து சீக்கிரம் காயும். காயும்போது ஓரத்தில் கோடு விழும். பாதி காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். பருத்தியின் நார் நீளமானது, தண்ணீரைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால் வானத்தையோ ஏரியையோ ஒரே ஈரத்தில் முடிக்க அவகாசம் கிடைக்கிறது. ஐந்தாறு அடுக்கு வண்ணம் போட்டாலும் கீழ் அடுக்கு கலங்குவது குறைவு.

குளிர் ஊரில் இருப்பவர் எழுதிய பாடத்தைப் படித்துவிட்டு, "மரக்கூழ்த் தாளில் ஈரத்தின் மேல் ஈரம் போடலாம் என்கிறாரே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் ஊரில் அது முடியும். வேலூரில் ஏப்ரல் மதியம் 40 டிகிரியில் மரக்கூழ்த் தாளில் வானம் பூசுங்கள், வலது ஓரத்துக்குப் போவதற்குள் இடது ஓரம் காய்ந்திருக்கும். நம் வெயிலுக்குப் பருத்தித் தாளை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. அது இல்லாமல் இங்கே அந்த வேலை நடக்காது.

அதற்காக மரக்கூழ் வீண் என்றும் இல்லை. வண்ணம் மேலேயே நிற்பதால் நிறம் பளிச்சென்று தெரியும், ஈரப் பிரஷால் துடைத்து எடுப்பதும் சுலபம். பேனாவால் கோடு போட்டு இலேசாக வண்ணம் ஏற்றுகிறவர்களுக்கு அதுவே போதும். கான்சன் எக்ஸ்எல், பாக்கிங்ஃபோர்டு போன்றவை மரக்கூழ்தான். இரண்டுக்கும் நடுவே, ப்ரஸ்ட்ரோ மாதிரி இந்தியக் கம்பெனிகள் விற்கும் 25 சதவீதப் பருத்தித் தாள் கைப்பழக்கத்துக்கு நல்லது. முழுப் பருத்தியிலேயே விலை குறைவாக வேண்டுமென்றால் சீனாவின் பாவ்ஹாங் இருக்கிறது. ஆர்ஷ், 1492 முதல் காகிதம் செய்கிற ஆலையின் பெயர். ஒரு தாளாவது வாங்கி வரைந்து பாருங்கள். அப்புறம் மற்ற தாளில் எது குறைகிறது என்று கைக்கே தெரியும்.

அட்டையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்த தினத்தாள் பழுப்பாவது போல அமிலமுள்ள தாளும் பழுத்து நொறுங்கும்.

கோல்டு பிரஸ், ஹாட் பிரஸ், ரஃப்: இவை என்ன?

தாளின் மேற்பரப்பு வகைகள். ஈரத் தாளைக் கம்பளித் துணிகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். பிறகு சூடான உருளைகளில் விட்டால் வழவழப்பாகிறது, அது ஹாட் பிரஸ். சூடில்லாமல் அழுத்தினால் நடுத்தர மேடுபள்ளம், அது கோல்டு பிரஸ். அதிகம் அழுத்தாமல் விட்டது ரஃப். இங்கிலாந்துத் தாள்களில் 'நாட்' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். 'ஹாட் பிரஸ் அல்ல' என்று அர்த்தம், அதாவது கோல்டு பிரஸ்.

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரையும் நுணுக்கமாக இருக்கும். அதைப் பேனாவும் மெல்லிய பிரஷும் வைத்து வரைய ஹாட் பிரஸ். கோட்டைக்கு எதிரே தெரியும் பாறை மலைக்கு ரஃப். அதிகம் ஈரமில்லாத பிரஷைப் படுக்கையாகப் பிடித்து இழுத்தால் மேட்டில் மட்டும் வண்ணம் ஒட்டும், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். பாறையின் சொரசொரப்பு தானாக வந்துவிடும். பாலாற்று மணலுக்கும் இதே வித்தைதான். மற்றதற்கெல்லாம் கோல்டு பிரஸ். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதை வாங்குங்கள்.

மே மாதத்தில் வண்ணம் பூசப் பூசவே காய்ந்துவிடுகிறது. என்ன செய்ய?

அக்னி நட்சத்திரத்தில் மதியம் வரைவதை நான் விட்டுவிட்டேன். காலை ஆறிலிருந்து எட்டு வரை, இல்லாவிட்டால் இல்லை. உங்களுக்கு அந்த நேரம் கிடைக்காதென்றால் இப்படிச் செய்யுங்கள்.

தாளின் பின்பக்கத்தை நன்றாக நனையுங்கள். ஒரு அக்ரிலிக் பலகை அல்லது கண்ணாடி மேல் அதைப் போட்டு, முன்பக்கத்தையும் நனைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். தாள் பலகையோடு பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். கீழே ஈரம் இருப்பதால் மேலே காய நேரமாகும். பருத்தித் தாளாக இருந்தால் அரை மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்யலாம். பளபளப்பாகத் தேங்கிய தண்ணீரை மட்டும் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மேலே ஃபேன் ஓடினால் பாதி வேலை கெட்டுவிடும். நிறுத்தினால் நெற்றி வியர்வை தாளில் சொட்டும். டேபிள் ஃபேனைக் காலுக்கு நேராகத் திருப்பி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த சமரசம். கைக்கடியில் ஒரு துணியும் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தலை வாரி எண்ணெய் வைத்த கையோடு தாளைத் தொட்டால் அந்த விரல் தடத்தில் வண்ணம் ஒட்டாது. வரைந்து முடித்த பிறகுதான் அது தெரியும், அதுதான் கொடுமை.

தாள் நெளிந்து அலை அலையாகிறது.

நார் நனைந்தால் நீளவாக்கில் அதிகம் நீளாது, பக்கவாட்டில்தான் உப்பும். தாள் முழுக்க ஒரே சீராக நனைவதில்லை, அதனால் நெளிகிறது. பள்ளத்தில் வண்ணம் தேங்கும். இதற்கு வழி, தாளை முதலிலேயே முழுக்க உப்ப விட்டு, அந்த நிலையிலேயே பலகையில் பூட்டிவிடுவது.

தாளைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு மூன்று நிமிடம், 300க்கு ஐந்து நிமிடம். தூக்கி வடியவிட்டு, பிளைவுட் பலகையில் விரித்து, நான்கு ஓரமும் பழுப்பு நிறக் கம் டேப்பை நனைத்து ஒட்டுங்கள். கம் டேப் கிடைக்காவிட்டால் ஓரத்தில் ஸ்டேப்ளர் ஊசி அடிக்கலாம். பலகையைப் படுக்கையாகவே காயவிடுங்கள். சாய்த்து வைத்தால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் முன்னதாகக் காய்ந்து டேப்பைப் பிய்த்துவிடும். காய்ந்ததும் தாள் மிருதங்கத் தோல் மாதிரி விறைத்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. மே மாத மதியம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கை சுடும் அந்தத் தண்ணீரில் ஜெலட்டின் கரைந்து போகும். விலை கொடுத்து வாங்கிய கஞ்சியை நாமே கழுவிவிட்டது போலாகும். குடத்துத் தண்ணீரோ காலையிலேயே பிடித்து வைத்த தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

போர்வெல் தண்ணீரில் வரையலாமா?

வரையலாம். ஆனால் நம் பக்கம் பல இடங்களில் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. கடினத் தண்ணீரில் சில நிறமிகள் திரண்டு குருணை குருணையாகப் படியும். பாறைக்கு அது அழகு, முகத்துக்கு இல்லை. வழவழப்பான பூச்சு வேண்டும்போது கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளர் போதும்.

போன வருடம் வாங்கிய நல்ல தாள்தான். இப்போது வண்ணம் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்குகிறது.

சைசிங் செத்துவிட்டது. நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டிய அலமாரியில் பத்து முழுத் தாள் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்து வானம் பூசினால், அம்மைத் தழும்பு மாதிரி கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். ஈரத்திலும் பூஞ்சையிலும் ஜெலட்டின் கெட்ட இடமெல்லாம் வண்ணத்தைக் குடித்துவிட்டது. பார்வைக்கு அந்தத் தாள் புதிது போலத்தான் இருந்தது.

சோதிப்பது சுலபம். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் முத்து மாதிரி நின்றால் நல்ல தாள். உடனே உள்ளே இறங்கிக் கறுத்தால் போய்விட்டது. காப்பாற்ற நினைத்தால், அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 10 கிராம் சுவையில்லாத ஜெலட்டின் தூளைக் கரைத்து, அகலப் பிரஷால் பூசிக் காயவையுங்கள். ஓரளவுக்கு உயிர் வரும். எனக்குப் பொறுமை இல்லை, அந்தப் பத்துத் தாளையும் பென்சிலுக்கும் பேஸ்டலுக்கும் பயன்படுத்தித் தீர்த்தேன்.

இப்போது தாளெல்லாம் இரும்புப் பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு படுக்கையாக இருக்கின்றன. புதிய செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களை நான் எறிவதில்லை.

ராமபாணப் பூச்சி அரிக்கிறதே?

அதற்கு அந்தக் கஞ்சி ரொம்பப் பிடிக்கும். நம் பாட்டிகள் புத்தகப் பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு வைத்தார்கள், நானும் அதையே செய்கிறேன். பாச்சை உருண்டை போடுவதென்றால் தாளில் நேரடியாகப் படாமல் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். மாதம் ஒரு முறை தாளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது இரண்டையும்விட மேல்.

பாண்டிச்சேரிக் கைவினைத் தாள் நன்றாக இருக்குமா?

அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதக்கூடம் பழையது, பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையாலேயே தாள் செய்கிறார்கள். அழகான தாள்கள். ஆனால் எந்த ஊர்க் கைவினைத் தாளானாலும் அழைப்பிதழுக்கும் அலங்காரத்துக்கும் செய்தது வேறு, நீர்வண்ணத்துக்குக் கஞ்சி ஏற்றியது வேறு. பூவிதழ் பதித்த தாளைப் பார்த்து மயங்கி வாங்கிவிடாதீர்கள். ஒரு தாள் வாங்கி, அந்தச் சொட்டுத் தண்ணீர்ச் சோதனை செய்துவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள். சரியான தாளாக அமைந்தால், அந்த ஒழுங்கில்லாத பிசிறு ஓரமும் சொரசொரப்பும் எந்த இயந்திரத் தாளிலும் வராது.

மாஸ்கிங் டேப்பைப் பிரிக்கும்போது தாளும் உரிந்து வருகிறது.

தாள் முழுக்கக் காயட்டும். பிறகு ஹேர் டிரையரால் டேப்பைச் சூடாக்கினால் பசை இளகும். படத்துக்கு எதிர்ப்பக்கமாக, தாழ்வாக மடித்து மெல்ல இழுங்கள். வெள்ளை விடுவதற்குப் பூசும் மாஸ்கிங் திரவத்தை நம் வெயிலில் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் அது தாளோடு ஐக்கியமாகிவிடும்.

தாளில் எது முன்பக்கம்?

வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) எழுத்து நேராகப் படிக்க வரும் பக்கம். ஆனால் நல்ல தாளில் இரண்டு பக்கமும் வரையலாம். முதல் பக்கம் சொதப்பினால் திருப்பிப் போடுங்கள்.

பென்சிலால் வரைந்து அழித்த இடத்தில் வண்ணம் கருமையாகிறது.

ரப்பர் மேற்பரப்பைக் கீறிவிட்டது. வேறு காகிதத்தில் வரைந்து திருத்தி முடித்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து நல்ல தாளில் எச்பி பென்சிலால் இலேசாகப் பிரதி எடுங்கள்.

பிரேம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

"ஒட்டாதீங்க" என்று இரண்டு முறை சொல்லுங்கள். நான் ஒரு முறைதான் சொன்னேன். கடைக்காரர் என் படத்தை ஹார்டுபோர்டில் பசை போட்டு ஒட்டி, மேலே லேமினேஷனும் செய்து, "இப்ப நூறு வருஷம் வரும் சார்" என்று சந்தோஷமாகக் கொடுத்தார். அடுத்த மழைக்கே உள்ளே கொப்புளம். படத்தை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் தொங்கவிட்டாற்போல் பிடித்து வைக்க வேண்டும், தாள் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை இருக்கட்டும். கண்ணாடி வியர்த்தால் படத்தில் படாது. மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

வேலூரில் எங்கே வாங்குவது? கட்டுப்படி ஆகுமா?

லாங் பஜார்ப் பக்க ஸ்டேஷனரிக் கடைகளில் மாணவர்களுக்கான தாள் கிடைக்கும். முழுப் பருத்தித் தாளுக்கு இணையத்தில் சொல்ல வேண்டும், அல்லது காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போக வேண்டும். தபாலில் வரவழைத்தால் சுருட்டாமல் தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஏ4 கட்டாக வாங்குவதைவிட 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்குவது பெரும்பாலும் மலிவு. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் அனுப்பும் கூலியும் பிரியும். நாங்கள் ஒரு முழுத் தாளை நான்காக வெட்டி, 11க்கு 15 அங்குலத்தில் நான்கு படம் போடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. அதே முழுத் தாளில் 4க்கு 6 அங்குல அட்டை 25 வரும். கத்தரியால் வேண்டாம், ஸ்கேலை வைத்து மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, மெதுவாகக் கிழியுங்கள். ஓரம் பிசிறாக அழகாக வரும். வாரம் இரண்டு அட்டை என்றால் மூன்று மாதம் ஓடும். வெட்டியது போக 2 அங்குல அகலத்தில் நீளமாக ஒரு துண்டு மிஞ்சும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். படத்தில் வைப்பதற்கு முன் நிறத்தைத் தொட்டுப் பார்க்க அதே தாள்தான் வேண்டும்.